சாப்ஸ்டிக் பிடித்தால் கட்டை விரல் வலிக்கிறது!

கேள்வி: எனக்கு வயது 46. வேலை மாற்றலாகி ஜப்பானின் யோகோஹாமாவுக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். அலுவலக கேன்டீனில் எல்லோரையும் பார்த்து நானும் சாப்ஸ்டிக்குக்கு மாறினேன். ஒரு மாதமாக வலது கட்டை விரலின் அடியில் வலி. சாப்பிட்டு முடிப்பதற்குள் விரல் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. தொடர்ந்தால் மூட்டு தேய்ந்துவிடுமா? குச்சியால் சாப்பிட்டால் சர்க்கரை குறையும் என்று நண்பர் சொல்வது உண்மையா?

பதில்: நீங்கள் குச்சியைப் பிடிக்கவில்லை, நெரிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கையால் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இது எளிதில் வருகிற பிழை. சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்க்குள் தள்ளுகிற வேலையைப் பிறந்ததிலிருந்து நம் கட்டை விரல்தான் செய்கிறது. தள்ளியே பழகிய விரலிடம் குச்சியைக் கொடுத்தால், அது அதையும் அழுத்தித் தள்ளத்தான் பார்க்கும். சாப்ஸ்டிக்கில் அதற்கு அந்த வேலை இல்லை.

கீழ்க்குச்சி அசையவே கூடாது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் அதன் பின்பகுதி படுத்திருக்க வேண்டும். முன்பகுதியை மோதிர விரலின் பக்கவாட்டு தாங்க வேண்டும். மேல்குச்சியைப் பேனாவைப் போலப் பிடியுங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அதை ஏற்றி இறக்கும்; கட்டை விரல் அச்சாணி போல அதன்மேல் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். புதியவர்கள் இரண்டையும் கத்தரிக்கோல் போல அசைப்பார்கள். நுனிகள் விலகும், உணவு நழுவும், உடனே பிடி இறுகும். வலி தொடங்குவது அங்கேதான்.

இரண்டு வாரம் கைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, முதலில் மேல்குச்சியை மட்டும் பிடித்து அசைத்துப் பழகுங்கள். பிறகு இரண்டு குச்சியால் வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டுகளை எடுக்கலாம். வேர்க்கடலையில் தொடங்க வேண்டாம். அது சறுக்கும், நீங்கள் மறுபடியும் நெரிப்பீர்கள். வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியைவிட, நுனியில் வரிகள் போட்ட மரக்குச்சி நல்லது. நீளத்துக்கு ஜப்பானியர்களிடம் ஒரு கைக்கணக்கு இருக்கிறது: கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் செங்கோணமாக விரித்தால் நுனிக்கு நுனி எவ்வளவோ, அதில் ஒன்றரை மடங்கு. நம் ஊர் ஒட்டைச் சாணுக்கு உறவுக்காரக் கணக்கு!

இன்னொன்று, நம்மவர்களுக்குக் கூச்சமான விஷயம். ஜப்பானில் சோற்றுக் கிண்ணத்தை இடது கையால் தூக்கி வாயருகே வைத்துச் சாப்பிடுவதுதான் முறை. நீங்கள் மேசையிலேயே வைத்துவிட்டு, அங்கிருந்து வாய்வரை சோற்றைச் சிந்தாமல் கொண்டுவரப் பாடுபடுகிறீர்களோ என்று சந்தேகிக்கிறேன். அத்தனை தூரமும் கட்டை விரல் இறுக்கிக்கொண்டே வர வேண்டும். கூச்சப்படாமல் கிண்ணத்தைத் தூக்குங்கள்.

மூட்டுத் தேய்மானம் பற்றிய பயம் ஆதாரமற்றது என்று சொல்ல மாட்டேன். பெய்ஜிங்கில் 60 வயதைத் தாண்டியவர்களின் கைகளை ஆராய்ந்து 2004இல் ஓர் ஆய்வு வெளியானது. குச்சி பிடிக்கும் கையில், அதற்குப் பயன்படும் விரல் மூட்டுகளில் தேய்மானம் சற்றுக் கூடுதலாக இருந்தது. ஆனால் அவர்கள் சிறுவயதிலிருந்தே வேளை தவறாமல் குச்சி பிடித்தவர்கள். உங்கள் ஐந்து மாதத்தை அதோடு ஒப்பிட முடியாது. உங்களுக்கு இப்போது இருப்பது பெரும்பாலும் தசையும் தசைநாரும் களைத்ததால் வந்த வலி.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. 2015இல் சிங்கப்பூரில் நடந்த ஓர் ஆய்வில், வெள்ளைச் சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டபோது ஏறியதைவிடச் சாப்ஸ்டிக்கால் சாப்பிட்டபோது இரத்தச் சர்க்கரை குறைவாக ஏறியது. கலந்துகொண்டவர்கள் பதினொரு பேர்தான். அனைவரும் சர்க்கரை நோய் இல்லாதவர்கள். குச்சியில் வாய்க்கு வாய் சோறு கொஞ்சமாக வருகிறது, சாப்பிடும் வேகமும் குறைகிறது. அதே நிதானத்தோடு கையால் சாப்பிடவும் உங்களால் முடியும். இதை நம்பி மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள்.

சர்க்கரை நோய் இருப்பதால் கூடுதல் கவனம் வேண்டும். விரல் மடங்கியபடி மாட்டிக்கொண்டு 'டக்' என்று விடுபடும் தொல்லையும், மணிக்கட்டில் நரம்பு அழுந்தும் தொல்லையும் உங்களைப் போன்றவர்களுக்கு அதிகம் வருகின்றன. கட்டை விரலை உள்ளே மடக்கிக் கையை மூடி, மணிக்கட்டைச் சுண்டு விரல் பக்கமாக மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கட்டை விரல் பக்கத்து மணிக்கட்டில் சுரீரென்று வலித்தால் தசைநாரின் உறை வீங்கியிருக்கலாம். அப்படி வலித்தாலோ, இரவில் முதல் மூன்று விரல்கள் மரத்துப்போனாலோ, காலையில் விரல் மாட்டிக்கொண்டாலோ, ஓய்வு கொடுத்தும் வலி குறையாவிட்டாலோ அங்கேயே எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். அவற்றில் பல, சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்துக்கு ஆகாதவை.

கைக்கு ஓய்வு கொடுக்கும் இரண்டு வாரமும் கேன்டீனில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஸ்பூன் கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சுஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடுவது அங்கே முறைதான். சோற்றின்மேல் குழம்பு ஊற்றித் தரும் கறி ரைஸை ஜப்பானியர்களே ஸ்பூனால்தான் சாப்பிடுகிறார்கள். சோற்றின் அளவை மட்டும் பாதியாகக் கேட்டு வாங்குங்கள்.