நீச்சல், சைக்கிள், ஓட்டம்: மதுரைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

டிரையத்லான் பயிற்சி பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். பந்தயத்தின் அளவுகள் தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு குறிப்பு. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் கடிகாரம் நிற்காமல் அடுத்தடுத்துச் செய்ய வேண்டும். ஸ்பிரிண்ட் என்றால் 750 மீட்டர், 20 கி.மீ., 5 கி.மீ. ஒலிம்பிக் தூரம் 1.5, 40, 10 கி.மீ.; 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் முதலில் சேர்க்கப்பட்டது இதுதான். அரை அயர்ன்மேன் 1.9, 90, 21.1. முழு அயர்ன்மேன் 3.8, 180, 42.2. கேட்டவர்களில் பெரும்பாலோர் வேலைக்கும் போய்க்கொண்டு பயிற்சியும் செய்கிறவர்கள். அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

மேலூரிலிருந்து ஓர் இளைஞர்: அக்கா, எங்கள் தோட்டத்துக் கிணற்றில் சிறுவயதிலிருந்தே நீந்துகிறவன் நான். 10 கி.மீ. சிரமமில்லாமல் ஓடுவேன். ஆனால் நீச்சல் குளத்தில் 50 மீட்டர் போவதற்குள் மூச்சு முட்டிவிடுகிறது. ஏன்?

தம்பி, உங்களுக்குத் தண்ணீர்ப் பயம் இல்லை. அது எவ்வளவு பெரிய சொத்து என்பது முப்பது வயதுக்கு மேல் நீச்சல் கற்க வருகிறவர்களைப் பார்த்தால் தெரியும். சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கிய நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் எட்டு வயதிலேயே போய்விடுகிறது.

ஆனால் கிணற்று நீச்சலில் தலை எப்போதும் தண்ணீருக்கு மேலேயே இருக்கும். நாலு வீச்சு வீசினால் எதிர்ப்பக்கப் படி வந்துவிடும் என்பதால் அங்கே அது குறையாகத் தெரிவதில்லை. தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழ்கின்றன. தாழ்ந்த உடம்பைத் தண்ணீர் தடுக்கிறது. அந்தத் தடையோடு மல்லுக்கட்டித்தான் ஐம்பது மீட்டரில் களைத்துப்போகிறீர்கள்.

அடுத்தது மூச்சு. முட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் காற்று போதாமை அல்ல; இழுத்த காற்றை வெளியே விடாமல் அடக்கி வைப்பது. உள்ளே கரியமில வாயு சேரச் சேர, உடம்பு 'மூச்சு விடு' என்று தவிக்கிறது. முகம் தண்ணீருக்குள் இருக்கும் நேரம் முழுவதும் மெல்லக் குமிழ் விட்டுக்கொண்டே இருங்கள். மூச்சு இழுக்கத் தலையைத் தூக்கக் கூடாது, பக்கவாட்டில் திருப்ப வேண்டும். ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் அளவுக்குத் திருப்பினால் போதும்.

முதல் இரண்டு வாரம் தூரத்தை மறந்துவிடுங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் சுவரைப் பிடித்துக்கொண்டு குமிழ் விடுங்கள், தலையைத் திருப்புங்கள், மறுபடியும் குமிழ் விடுங்கள். பிறகு 25 மீட்டர் நீந்தி, மூச்சு முழுதாக அடங்கும்வரை நின்று, மீண்டும் 25. காலை ஓங்கி அடிக்க வேண்டாம். சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் அந்தக் கால்தான் வேண்டும். மதுரையில் ரேஸ்கோர்ஸ் விளையாட்டு அரங்க வளாகத்திலேயே நீச்சல் குளம் இருக்கிறது. வாரம் மூன்று நாள் அங்கே வந்து பயிற்சியாளர் ஒருவரைக் கரையில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். நம் தலை எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. கரையில் நிற்பவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

ஆனையூரிலிருந்து, வயது 41: ஜனவரியில் 10 கி.மீ. ஓட்டத்தை 62 நிமிடத்தில் முடித்தேன். ஒரு நாள் தவறாமல் பயிற்சி செய்தும் மே மாதம் 68 நிமிடம் ஆகிறது. உழைப்பு வீணாகிறதோ என்று மனம் உடைந்துவிட்டது.

உடைய வேண்டியதில்லை. இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். நம் ஊரில் நன்றாகப் பயிற்சி செய்கிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் விளையாட்டையே விட்டுவிடுகிறார்கள்.

ஜனவரி விடியற்காலைக் குளிர் வேறு, கத்திரி வெயில் காலத்து விடியல் வேறு. மே மாதத்தில் சூரியன் எழுவதற்கு முன்பே காற்று சூடாக இருக்கிறது. உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள இரத்தத்தில் ஒரு பகுதியைத் தோலுக்கு அனுப்புகிறது. அந்த அளவுக்குத் தசைக்குப் போகும் பங்கு குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. அதே உழைப்புக்கு வேகம் குறைவது இயற்கை. ஜனவரி நேரத்தையும் மே மாத நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமான ஒப்பீடே அல்ல.

முன்னேற்றத்தை அளக்க இப்படிச் செய்யுங்கள். ஒரு பாதையை முடிவு செய்துகொள்ளுங்கள். வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றிவரும் சாலையோ, ரேஸ்கோர்ஸ் ஓடுதளமோ, எதுவானாலும் சரி. மாதம் ஒருமுறை அதே பாதையில், அதே நேரத்தில், இதயத் துடிப்பை ஒரே எண்ணில் வைத்து 30 நிமிடம் ஓடுங்கள். எவ்வளவு தூரம் போனீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்றைய வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதுங்கள். துடிப்பு மாறாமல் தூரம் கூடினால் நீங்கள் முன்னேறுகிறீர்கள். ஓடி நின்றபின் துடிப்பு எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பதும் நல்ல அடையாளம்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். 'ஒரு நாள் தவறாமல்' என்கிறீர்கள். ஓய்வு நாள் எங்கே? எல்லா நாளும் ஒரே மூச்சிரைப்போடு ஓடுகிறவர்கள் கொஞ்ச காலம் கழித்து அதே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். வாரத்தில் பெரும்பகுதிப் பயிற்சி, பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் இருக்க வேண்டும். ஓட்டத்தில் ஒரு நாள், சைக்கிளில் ஒரு நாள் மட்டும் கடினமாகச் செய்யுங்கள். மூன்று வாரம் ஏற்றி, நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்காவது குறையுங்கள். தசை வலுப்பெறுவது ஓடும்போது அல்ல, அதற்குப் பின் உறங்கும்போது. மெதுவாக ஓடுவதை அவமானமாக நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட்டால்தான் இந்த விளையாட்டில் வருடக்கணக்கில் நிலைக்க முடியும்.

வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். அந்த நாட்களில் பயிற்சியின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது தலைசுற்றல், பேச்சுக் குழறல், குழப்பம் எது வந்தாலும் உடனே நிழலுக்குப் போய் உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆட்டோ தேடுவது, மருத்துவமனைக்குப் போவது எல்லாம்.

திருமங்கலத்திலிருந்து: முதல் பந்தயத்துக்கு விலையுயர்ந்த ரேஸ் சைக்கிள் வேண்டுமா? என்னிடம் சாதாரண ஹைப்ரிட் சைக்கிள்தான் இருக்கிறது.

அதுவே போதும். பிரேக் நன்றாகப் பிடிக்க வேண்டும், ஹெல்மெட் இருக்க வேண்டும், சீட் உயரம் சரியாக இருக்க வேண்டும். மிதி கீழே இருக்கும்போது முழங்கால் இலேசாக மட்டும் மடங்கியிருப்பது சரியான உயரம். நம் பக்கத்தில் பலர் சீட்டைத் தாழ்த்தி வைத்தே ஓட்டுகிறார்கள். முழங்காலின் முன்பக்கம் வலிப்பதற்கு அதுவே முக்கியக் காரணம். கனமான கியரில் அழுத்தி மிதிக்காமல், நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று வருமாறு இலேசான கியரில் ஓட்டிப் பழகுங்கள்.

மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள். சீமைக்கருவேல முள் எந்தச் சாலையோரத்திலும் கிடக்கிறது. மாற்று டியூப் ஒன்றும் கைப்பம்பும் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். பஞ்சர் கடை திறக்கும் நேரத்துக்கு முன்பே நாம் பயிற்சியை முடித்துவிடுகிறோம்.

பாதை கேட்டவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அழகர்கோவில் சாலை. நகரிலிருந்து கோவில்வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 40 கி.மீ., அதாவது ஒலிம்பிக் தூரம். விடியுமுன் கிளம்பினால் முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். சித்திரைத் திருவிழா நாட்களில் அந்தச் சாலை அழகருக்கும் பக்தர்களுக்கும் உரியது. நாம் வேறு பக்கம் போக வேண்டும்.

பழங்காநத்தத்திலிருந்து: வைகையில் நீந்திப் பழகலாமா?

வேண்டாம். தண்ணீர் ஓடும் நாட்களில் இழுப்பும் சுழலும் இருக்கும். மற்ற நாட்களில் நீந்தத் தண்ணீர் இருக்காது.

ஒத்தக்கடையிலிருந்து: அப்படியானால் திறந்த நீரில் எங்கேதான் பழகுவது? பந்தயம் கடலில் நடக்கிறதே.

கண்மாயில் தாமரைக் கொடியும் சேறும் காலைச் சுற்றும். அணையில் ஆழம் தெரியாது. இரண்டும் வேண்டாம். மதுரையிலிருந்து போய்வரக்கூடிய கடல் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. மண்டபம், ராமேசுவரம் பக்கம் ஒருபுறம் பாக் விரிகுடா, மறுபுறம் மன்னார் வளைகுடா. அங்குள்ளவர்கள் முதலாவதைப் பெண்கடல் என்றும் இரண்டாவதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பருவக்காற்று மாறும்போது கடலின் குணமும் மாறும். அன்றைக்கு எந்தப் பக்கம் இறங்கலாம் என்பதை மீனவர்களிடம் கேளுங்கள். அவர்கள் 'இன்று வேண்டாம்' என்றால் மறுபேச்சு இல்லாமல் திரும்பிவிட வேண்டும்.

தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். இடுப்பில் கட்டி இழுத்துச் செல்லும் பளிச்சென்ற நிற மிதவை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கரைக்கு இணையாக, கால் எட்டும் ஆழத்திலேயே நீந்துங்கள். குளத்தில் அடியில் வரைந்த கோடு வழிகாட்டும். கடலில் அது இல்லை. ஆறேழு வீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீருக்கு மேலே கொண்டுவந்து கரையில் ஒரு மரத்தையோ கோபுரத்தையோ குறி பார்த்துக்கொள்ள வேண்டும். இதைக் குளத்திலேயே பழகலாம். குளிர்நாடுகளில் அணியும் ரப்பர் உடை நம் கடலின் சூட்டுக்குத் தேவையில்லை.

கூடல்நகரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அக்கா, நீச்சலுடையை நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. வீட்டிலும் தயங்குகிறார்கள். மாதவிடாய் நாட்களில் என்ன செய்வது?

கை மணிக்கட்டு வரையும் கால் கணுக்கால் வரையும் மூடும் நீச்சலுடைகள் கிடைக்கின்றன. நானும் அப்படித்தான் தொடங்கினேன். பெண்களுக்கென்று தனி நேரம் எந்தக் குளத்தில் இருக்கிறது என்று விசாரித்து, முதல் நாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கரையில் அமர்ந்து ஒரு மணி நேரம் பார்த்தால் பல தாய்மார்களின் தயக்கம் போய்விடுகிறது. சிலர் அடுத்த மாதம் தாங்களே சேர்ந்துவிடுகிறார்கள்.

மாதவிடாய் நாட்களில் உடம்பு இடம் கொடுத்தால் பயிற்சி செய்யலாம், இல்லையென்றால் ஓய்வெடுக்கலாம், இரண்டும் சரியே. ஆனால் பயிற்சி கூடும்போது மாதவிடாய் நின்றுபோனால் அதை நல்லதாக எண்ணிவிடாதீர்கள். செலவாகும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடவில்லை என்று உடம்பு எச்சரிக்கிறது. எலும்பு பலவீனமாகும், மருத்துவரைப் பார்க்க வேண்டும். வருடம் ஒருமுறை ஹீமோகுளோபினும் பாருங்கள். காரணம் தெரியாத களைப்போடு என்னிடம் வரும் பெண்களிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான். முருங்கைக்கீரை, கேழ்வரகு, ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) எல்லாம் நல்லவை. ஆனால் இரத்தசோகை வந்துவிட்டால் அவை மட்டும் போதாது, மாத்திரை வேண்டும்.

தல்லாகுளத்திலிருந்து: ஜெல் பாக்கெட் இல்லாமல் நம் ஊர் உணவிலேயே பந்தயத்தை முடிக்க முடியுமா?

ஜெல் என்பது பந்தயத்தின் நடுவில் உறிஞ்சும் சர்க்கரைக் கூழ். ஸ்பிரிண்டுக்கு அது தேவையே இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும் பயிற்சிகளில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவில் இருக்கிறது. கருப்பட்டித் துண்டு ஏறத்தாழ முழுவதும் சர்க்கரைதான். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் நீண்ட, மெதுவான சைக்கிள் பயிற்சிக்குச் சரி. நிலக்கடலையின் கொழுப்பு மெதுவாகச் செரிப்பதால் வேகமான பந்தயத்தில் வயிற்றைக் கனக்க வைக்கும். காலையில் கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பு சாம்பார் அதிகமில்லாமல் இட்லி. முடிந்து வந்தபின் பருத்திப்பாலோ கம்மங்கூழோ, கூடவே முட்டையோ சுண்டலோ.

வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்ற வீட்டுக் கரைசல் போதும். எவ்வளவு குடிப்பது என்பதற்கு, ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. பந்தய நாளில் புதிதாக எதையும் வாயில் வைக்காதீர்கள்.

உசிலம்பட்டியிலிருந்து, வயது 52: சர்க்கரை நோய் இருக்கிறது. நான் இதில் இறங்கலாமா?

இறங்கலாம் ஐயா, மருத்துவரைப் பார்த்து இதயப் பரிசோதனை முடித்தபின். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவரானால் பயிற்சியின் நடுவில் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். தொடங்குமுன் சோதியுங்கள், 100க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டபின் கிளம்புங்கள். சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும். வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணால் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வலிக்காது.

அவனியாபுரத்திலிருந்து: சைக்கிளிலிருந்து இறங்கி ஓடும்போது கால் என்னுடையதாகவே இல்லை.

எல்லோருக்கும் அப்படித்தான். வாரம் ஒருமுறை சைக்கிள் முடிந்த கையோடு பத்து நிமிடம் மட்டும் ஓடுங்கள். சில வாரங்களில் பழகிவிடும்.

விளாங்குடியிலிருந்து: கோவா அரை அயர்ன்மேனுக்குப் பெயர் கொடுக்க ஆசை. நேரக் கெடுவுக்குள் முடிக்க முடியாமல் போனால்?

2019இல் கோவாவில் தொடங்கிய அந்த வகைப் பந்தயத்துக்குப் பொதுவான கெடு 8 மணி 30 நிமிடம், அதில் நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம். குளத்தில் 1.9 கி.மீ.யை 55 நிமிடத்துக்குள் நிற்காமல் முடிக்கிறீர்களா? 90 கி.மீ. சைக்கிளுக்குப் பிறகு அரை மணி நேரம் ஓட முடிகிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் பெயர் கொடுங்கள். இல்லையென்றால் முதலில் ஒரு ஸ்பிரிண்ட், பிறகு ஒலிம்பிக் தூரம். சைக்கிளைத் தொடுமுன் ஹெல்மெட் பட்டையை மாட்டுவது, திரும்பி வந்து சைக்கிளை நிறுத்தியபின்தான் கழற்றுவது போன்ற விதிகள் சிறிய பந்தயத்தில்தான் கைக்குப் பழகும். அதை மீறினால் அபராதமோ வெளியேற்றமோ உண்டு.

அதே விளாங்குடி வாசகர்: சைக்கிளை ரயிலில் கொண்டுபோகப் பெட்டியில் கட்டும்போது இடது மிதியைக் கழற்றவே முடியவில்லை.

இடது மிதியின் மரை எதிர்ப்புறமாகச் சுற்றுவது. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால் கழலும். மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள்.