ஒரே ஞானஸ்நானம், இரண்டு பந்தி

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் நாசரேத்துக்காரர்கள், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்ற புராட்டஸ்டண்டு சபை. மகளை வடக்கன்குளத்தில் ஓர் ஆர்.சி. குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். பேரனின் திருமுழுக்குக்குப் போயிருந்தபோது, பூசையில் எல்லோரும் நற்கருணை வாங்க வரிசையில் எழுந்து போக, என் மகள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பந்தியில் சம்பந்தியார், "1999-லேயே எல்லாம் சரியாகிவிட்டது. நாங்கள் என்றும் ஒன்றாகத்தான் இருக்கிறோம், நீங்கள்தான் நூறாக உடைந்து கிடக்கிறீர்கள்" என்றார். எங்கள் உபதேசியாரோ, கிரியையால் இரட்சிப்பு என்பவர்களோடு நமக்கு என்ன ஒற்றுமை என்கிறார். எது சரி? எல்லாம் சரியாகிவிட்டது என்றால் என் மகள் ஏன் எழுந்து போகவில்லை?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

அன்புள்ள ஐயா,

உபதேசியார் சொல்வது சரியல்ல. சம்பந்தியார் சொல்வதில் பாதி சரி.

1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகச் சம்மேளனமும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதன் தன் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவில் வைக்கும் விசுவாசத்தில் கடவுளால் ஏற்றுக்கொள்ளப்படுகிறான் என்றும், நற்கிரியைகள் அதன் கனிகள் என்றும் இரு தரப்பும் சேர்ந்தே அறிக்கையிட்டன. அந்த அறிக்கையில் உள்ளபடி போதிக்கிறவர்கள்மேல் 16-ஆம் நூற்றாண்டின் கண்டனங்கள், கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1547-ல் விதித்தவை உட்பட, செல்லாது என்று ஒப்புக்கொண்டன. மெதடிஸ்டுகள் 2006-லும் சீர்திருத்தச் சபைகள் 2017-லும் இதில் சேர்ந்துகொண்டார்கள்.

நம் பக்கத்தில் மீதமிருப்பதில் கணிசமானது அகராதிச் சண்டை. நீங்கள் 'நீதிமானாக்கப்படுதல்' என்பதை அவர்கள் 'ஏற்புடையவராதல்' என்கிறார்கள்; உங்கள் கிருபை அங்கே அருள், உங்கள் இரட்சிப்பு அங்கே மீட்பு. இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியம் 1995-ல் வந்த பிறகும், உங்கள் வீட்டு யோவானும் அவர்கள் வீட்டு அருளப்பனும் ஒரே சீடரின் பெயரைத்தான் சுமக்கிறார்கள் என்பது கல்யாண அழைப்பிதழை வாசிக்கிற பலருக்கு உறைப்பதில்லை.

ஆனால் அதே கூட்டறிக்கை, திருச்சபையில் அதிகாரம், குருத்துவம், திருவருட்சாதனங்கள் ஆகியவை இன்னும் தீராதவை என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. உங்கள் மகளைப் பெஞ்சில் உட்காரவைத்தது அதுதான். இரட்சிப்பு எப்படி வருகிறது என்பதில் இன்று பெரிய பிணக்கில்லை. அப்பத்தை எடுத்து ஆசீர்வதிக்கிறவர்மேல் கை வைத்துக் குருப்பட்டம் கொடுத்தவர் யார் என்பதில்தான் பிணக்கு.

இதற்கு நம்மூர் வரலாறே சாட்சி. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர் லுத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்றவர். ஆங்கிலிக்கன் சங்கமான சி.எம்.எஸ்.-இன் ஊழியர். பிஷப்பின் கை இல்லாமலே தம் உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாம் என்று அவர் நின்றதும், ஆங்கிலத் திருச்சபையின் ஒழுங்குகளைக் குறைகூறி எழுதியதும் 1835-ல் அவரைச் சங்கத்திலிருந்து விலக்கின. திருநெல்வேலிச் சபைகள் இரண்டாகப் பிரிந்தன. பிஷப்பின் கை வேண்டும் என்று அன்று ரேனியஸிடம் வற்புறுத்திய அதே ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருப்பட்டங்களே செல்லாதவை என்று 1896-ல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ அறிவித்தார். ரேனியஸ் அதைக் கேட்க உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பார் என்று நான் நினைப்பதுண்டு. 1947-ல் ஆங்கிலிக்கன் சபையும் வேறு புராட்டஸ்டண்டு சபைகளும் இணைந்து சி.எஸ்.ஐ. உருவானபோது, பிஷப் கை வைக்காத போதகர்களையும் மறுபட்டம் இன்றியே ஏற்றுக்கொண்டு அந்தப் பழைய வழக்கைப் புராட்டஸ்டண்டுகள் தங்களுக்குள் ஒருவாறு தீர்த்துக்கொண்டார்கள். ரோமோடு உள்ள வழக்கு அப்படியே நிற்கிறது.

சம்பந்தியாரின் "ஒன்றாக இருக்கிறோம்" என்ற பெருமைக்கு அவர் ஊர்க் கோயிலே பதில் சொல்லும். ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னவர்கள் அங்கே சாதிவாரியாக இரு பக்கம் பிரிந்து, நடுவில் சுவர் வைத்துப் பூசை கண்டார்கள். 1910-ல் சுவர் இடிக்கப்பட்டதும் வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. உங்கள் பக்கத்துக் கதையும் அழகானதல்ல. 1857-ல் உபதேசியாராக இருந்த சட்டாம்பிள்ளை நாசரேத்து மிஷனரிகளோடு பிணங்கிப் பிரகாசபுரத்தில் தனிச் சபை கண்டார். சனிக்கிழமை ஓய்வுநாள் போன்ற உபதேசங்கள் மனத்தாங்கலுக்குப் பின் வந்தவை என்பதே என் எண்ணம். புராட்டஸ்டண்டுகளின் சண்டை தெருவுக்கு வந்து புதிய பெயர்ப்பலகை மாட்டும். கத்தோலிக்கரின் சண்டை கோயிலுக்குள்ளேயே கிடக்கும், ஏனென்றால் தீர்ப்புச் சொல்ல ஒரு பீடம் இருக்கிறது. அதை ஆட்சியின் ஒற்றுமை என்று சொல்லலாம். எல்லோர் மனத்திலும் உபதேசம் ஒன்றுதான் என்பதற்கு அது சான்றாகாது.

மகள் விஷயத்தில் இன்றைய நிலை இது. நாசரேத்தில் அவள் பெற்ற ஞானஸ்நானத்தை வடக்கன்குளம் முழுமையாக ஏற்கிறது, மறுபடி கொடுக்காது. நற்கருணையை, மரண ஆபத்தோ ஆயர் முடிவுசெய்யும் வேறு கடும் தேவையோ வந்தாலொழிய, அதுவும் வேறு நிபந்தனைகளோடு அல்லாமல், அவளுக்குத் தர அவர்கள் சட்டத்தில் இடமில்லை. மருமகன் உங்கள் திருவிருந்தில் கை நீட்டவும் அதே சட்டம் விடாது. பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வேன் என்று இத்தகைய திருமணத்துக்கு முன் கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும். அதை மற்றவருக்கும் உரிய நேரத்தில் தெரிவித்தாக வேண்டும். உங்கள் மகளுக்கு அது முன்பே தெரிந்திருக்கும். அவளிடம் கேட்டுப் பாருங்கள். உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள்.