நெல்மணிக் கணக்கில் ஒளிந்திருக்கும் 641

கேள்வி: சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களுக்கும் சேர்த்து 18446744073709551615 நெல் வரும் என்று படித்தோம். இதன் பகாக் காரணிகள் என்னென்ன என்று எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்கிறாள். கால்குலேட்டரில் இத்தனை இலக்கம் கொள்ளவில்லை. கையாலேயே கண்டுபிடிக்க முடியுமா?
— ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: முடியும் அம்மா. இருபது இலக்கத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். அதை 2⁶⁴ − 1 என்று எழுதிக்கொள்ளுங்கள். இரு வர்க்கங்களின் வித்தியாசத்தை, அவற்றின் மூலங்களுடைய கூட்டலும் கழித்தலுமாகப் பிரிக்கலாம் என்று பாடத்தில் வருகிறதே, அது போதும். 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். ஆகவே (2³² + 1) × (2³² − 1). பின்னதும் அதே ரகம்தான், மறுபடி பிரியுங்கள். கடைசியில் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்ற ஆறு எண்களின் பெருக்கலாக வந்து நிற்கும். முதல் ஐந்தும் பகா எண்கள்.

ஆறாவதில்தான் விஷயமே இருக்கிறது. பிரான்சின் துலூஸ் நகரில் நீதிமன்றப் பதவியில் இருந்துகொண்டே கணிதம் செய்த ஃபெர்மா, 2-இன் அடுக்கை 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒன்று கூட்டினால் கிடைக்கும் இந்த வரிசையில் வருபவை எல்லாமே பகா எண்கள் என்று 17-ஆம் நூற்றாண்டில் நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற கணித மேதை ஆறாவது எண்ணுக்கு 641 என்ற காரணியை எடுத்துக்காட்டினார். 4294967297-இன் பகாக் காரணி எதுவானாலும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும்; இதைப் பிற்பாடு நிறுவியவரும் அவரே. அந்தச் சல்லடையில் தேறுபவை 193, 257, 449, 577, 641... ஐந்தாவதிலேயே சிக்கிவிடுகிறது.

வகுக்காமலே காட்டவும் வழியுண்டு. பள்ளியில் கணக்கு எடுத்த காலத்தில் பிள்ளைகளுக்கு நான் மிகவும் ஆசைப்பட்டு எழுதிக்காட்டியது இதுதான். 641 = 5 × 128 + 1. அதனால் 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1, அதாவது முழுதாக வகுபட ஒன்று குறைகிறது. நான்காம் அடுக்குக்கு உயர்த்துங்கள்: 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இன்னொரு பக்கம் 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. எனவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். போட்டால் −2³²-இன் மீதி 1 என்றாகிறது. அப்படியானால் 2³² + 1 மீதியின்றி வகுபட்டே தீர வேண்டும். ஒரே எண்ணை இரண்டு விதமாக எழுதிப் பார்த்ததில் பத்து இலக்க எண் பிளந்துகொள்கிறது, பாருங்கள்!

65537-ஐத் தாண்டி இந்த வரிசையில் இன்னொரு பகா எண் இதுவரை அகப்படவில்லை. இருக்கிறதா, இல்லவே இல்லையா என்பதை எவரும் நிறுவவும் இல்லை. மகளிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

641-க்கு இணையாக வருவது 6700417; அதுவும் பகா எண். ஆக மொத்தம் ஏழு காரணிகள். கடைசி இரண்டையும் அவளையே தாளில் பெருக்கச் சொல்லுங்கள், 4294967297 வரும்.