திரைக்கதையில் கதாநாயகனின் கடந்த காலத்தை எப்போது சொல்வது?

பார்வையாளர் அதைத் தெரிந்துகொள்ள விரும்பத் தொடங்கிய பிறகுதான். கோடம்பாக்கத்தில் வாய்ப்புத் தேடும் பலருடைய திரைக்கதைகள் முதல் பத்துப் பக்கங்களிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுகின்றன. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

'பாட்ஷா'வை (1995) எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை ஆட்டோ ஓட்டுநர் மாணிக்கம், தங்கையின் மருத்துவக் கல்லூரி இடத்துக்காக நிர்வாகியைச் சந்திக்கிறார். தனக்கு இன்னொரு பெயர் உண்டு என்கிறார். அதற்குமேல் பேச்சு நமக்குக் கேட்பதில்லை; கண்ணாடிக்கு அப்பால் நிர்வாகி அதிர்ந்துபோவது மட்டும் தெரிகிறது. வெளியே நிற்கும் தங்கையைப் போலவே, உள்ளே என்ன பேசப்பட்டது என்பது நமக்கும் தெரிவதில்லை. பழைய கதையை முன்பே சொல்லியிருந்தால் இது வெறும் சிபாரிசுக் காட்சியாகியிருக்கும்.

எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) இன்னும் துணிச்சலானது. பாடலே கிடையாது. சென்னையில் ஜப்பான் குண்டு வீசிய காலம். வானொலிப் பொறியாளர் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறக்கிறார். அவர் எப்படிப்பட்டவர் என்பது ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் மாறிக்கொண்டே போகிறது. சொல்பவரின் குணமும் கூடவே வெளிப்படுவதால், அந்தப் பின்கதைகள் எங்கும் கதையை நிறுத்துவதில்லை.

ஆனால் மறைப்பது வேறு, ஏமாற்றுவது வேறு. ஒரு பாத்திரத்தின் மனத்துக்குள்ளேயே நம்மை உட்காரவைத்துவிட்டு, அவர் அறிந்ததைக் காரணமின்றி மறைத்தால் பார்வையாளர் மன்னிக்கமாட்டார்.

ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் பாத்திரம் அறிந்தது என்ன, பார்வையாளர் அறிந்தது என்ன என்று எழுதிப் பாருங்கள். காட்சி முடியும்போது இரண்டுமே மாறவில்லையென்றால் அந்தக் காட்சியை நீக்கிவிடலாம்.