அப்பாவின் குடி, அத்தையின் நோய்: நான் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பெற்றுக்கொள்ளலாம். ஏழு பக்கக் கடிதம் எழுதிவிட்டுக் கடைசி வரியில்தான் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முடி கொட்டுவது, மாடிப்படி ஏறினால் படபடப்பது இரண்டுக்கும் உங்கள் ரத்தப் பரிசோதனையிலேயே விடை இருக்கிறது. ஹீமோகுளோபின் 9.6 என்பது சோகை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தைராய்டு சரியாக இருக்கிறது. இறந்துபோன அப்பா கனவில் வருவது நோய் அல்ல.

நான் நின்று திரும்பத் திரும்பப் படித்தது நான்காம் பக்கம். அதை நீங்கள் நல்ல செய்தியாக எழுதியிருக்கிறீர்கள். சித்தி சாப்பிடும் மனச்சோர்வு மாத்திரையை, அவருடைய பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறீர்கள். மூன்றாவது வாரமே 'நல்ல பலன்'. ஒன்பது நாள் இரண்டு மணி நேரத் தூக்கம், ஆனால் களைப்பே இல்லை. வீடு முழுக்க நீங்களே வெள்ளையடித்தீர்கள். குழுவில் கடன் எடுத்து இரண்டு தையல் மெஷின் வாங்கினீர்கள். 'நீ இவ்வளவு பேசுவியா?' என்று கணவர் சிரித்தார். இப்போது இரண்டு வாரமாகப் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. மாத்திரையை இரண்டாக்கட்டுமா என்று கேட்கிறீர்கள்.

கூடாது. ஒன்றுகூடக் கூட்டாதீர்கள்.

தூக்கம் வராமல் புரள்கிறவருக்கு மறுநாள் கண் எரியும், உடம்பு துவளும், எரிச்சல் வரும். உங்களுக்கு நடந்தது அதுவல்ல. தூக்கம் தேவையே இல்லை என்று உடம்பு சொன்னது. இப்படித் தூங்காமலும் களைக்காமலும், வழக்கத்துக்கு மாறான பேச்சு, செலவு, திட்டம் என்று நான்கு நாளைக்கு மேல் போனால் அதை மனவெழுச்சி என்போம். எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வருவதுதான் பைபோலார் எனப்படும் இருதுருவ நோய். அந்தத் தன்மை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலரை அது எழுச்சியில் தள்ளிவிடும். உங்களுக்கு இந்த நோய்தான் என்று கடிதத்தை வைத்து நான் முடிவு கட்ட மாட்டேன். ஆனால் உங்கள் பெரியத்தை வாரக்கணக்கில் இரவெல்லாம் பாடிக்கொண்டு கோலம் போடுவார் என்றும், மனநோயாளிகளை அழைத்துப் போகும் குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைத்தார்கள் என்றும், பிறகு ஒருநாள் கிணற்றில் விழுந்து இறந்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மாளைப் பேய் பிடித்தவர் என்று ஊர் சொன்னது. அவருக்கு வைத்தியம் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய கதையையும் உங்கள் ஒன்பது நாளையும் சேர்த்துப் படித்த பிறகு இதை நான் தள்ளிப்போட விட மாட்டேன்.

இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் ஊரிலிருந்து திருச்சி ஒரு மணி நேரம்தான், அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. மாத்திரை அட்டையை எடுத்துப் போங்கள். கணவரும் கூட வரவேண்டும். எழுச்சியில் இருந்தவருக்கு அது நோயாகவே தெரியாது, பார்த்தவர் சொன்னால்தான் விளங்கும். அதற்குள் செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், அந்த இரவே பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள். 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

இனி, ரத்தத்தில் வருவது பற்றி. 'குடிநோய் 50 சதவீதம் பரம்பரை' என்று இணையத்தில் படித்துவிட்டு, பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு தவறு. ஊரில் ஒருவருக்குக் குடிநோய் வருகிறது, இன்னொருவருக்கு வரவில்லை. அந்த வித்தியாசத்தில் ஏறத்தாழப் பாதியை மரபணுக்களைக் கொண்டு விளக்கலாம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். தனி ஒரு குழந்தைக்கான வாய்ப்பை அது சொல்லாது. இந்த எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு மனிதர்களைத் தூங்கவிடாமல் செய்கிறவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது.

டென்மார்க்கில் டொனால்ட் குட்வின் குழுவினர் 1970களில் தத்துப்போன பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். குடிநோயாளிக்குப் பிறந்து, பச்சைக் குழந்தையிலேயே வேறு வீட்டுக்குப் போய் வளர்ந்த மகன்களில் 18 சதவீதம் பேர் குடிநோயாளி ஆனார்கள். மற்றத் தத்துப்பிள்ளைகளில் 5 சதவீதம். ஆகவே ரத்தத்தில் ஏதோ வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த 18-ஐ மறுபக்கம் திருப்பிப் பாருங்கள், 82 பேர் ஆகவில்லை. அதே குழு மகள்களையும் பார்த்தது. குடிக்கிற தகப்பனின் வீட்டிலேயே வளர்ந்த பெண்களிடம் மனச்சோர்வு கூடுதல். தத்துப்போய் வேறு வீட்டில் வளர்ந்த மகள்களிடம் அந்தக் கூடுதல் இல்லை. 'எங்க வீட்ல ஆம்பளைங்க குடிப்பாங்க, பொம்பளைங்க அழுவாங்க' என்று எழுதியிருக்கிறீர்களே, அமெரிக்காவில் ஜார்ஜ் வினோகர் என்ற மனநல மருத்துவர் பல குடும்பங்களில் பார்த்து எழுதியதும் ஏறத்தாழ இதைத்தான். அப்பா வரும் சத்தம் கேட்டு அடுப்படியில் ஒளிந்துகொண்ட அந்தச் சிறுமிக்கு நேர்ந்ததை ரத்தத்தின் தலையில் மட்டும் போடாதீர்கள். உங்கள் பிள்ளை அந்த வீட்டில் வளரப்போவதில்லை.

எச்சிலைத் துப்பி அனுப்பினால் மரபணு பார்த்துச் சொல்கிறார்களாம், 9,000 ரூபாய் கட்டட்டுமா என்கிறீர்கள். கட்ட வேண்டாம். குடிநோய்க்கும் சரி, மனநிலை நோய்க்கும் சரி, நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்து வேலை செய்கின்றன. 1987-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தின் குடும்பங்களில் இருதுருவ நோய்க்கான இடம் 11-ஆவது குரோமோசோமில் கிடைத்துவிட்டது என்று உலகமே கொண்டாடியது. அதே குடும்பங்களில் இன்னும் சிலரைச் சேர்த்துப் பார்த்ததும் 1989-இல் அந்த முடிவு சரிந்தது. எச்சில் பரிசோதனையைவிட உங்கள் பெரியத்தையின் கதை மனநல மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

தம்பி விஷயம். 'அவனுக்கு ஏறவே ஏறாது டாக்டர், ஒரு ஆஃப் அடிச்சாலும் நிதானமா வண்டி ஓட்டுவான், அதனால அப்பா மாதிரி ஆக மாட்டான்' என்கிறீர்கள். நேர்மாறு. சான் டியேகோவில் மார்க் ஷக்கிட் என்ற மருத்துவர் 20 வயதை ஒட்டிய இளைஞர்களுக்கு அளந்து மது கொடுத்து, பத்தாண்டு கழித்து மறுபடி தேடிப் பார்த்தார். அன்று போதை குறைவாக ஏறியவர்களே பின்னாளில் அதிகமாகக் குடிநோயில் விழுந்திருந்தார்கள். குடிநோயாளிகளின் மகன்களில் அப்படிப்பட்டவர்கள் கூடுதல். ஒரு கிளாஸில் தலை சுற்றுகிறவனை உடம்பே நிறுத்திவிடும். ஏறாதவனுக்கு அந்தத் தடை கிடையாது. தம்பிக்கு அப்பாவிடமிருந்து வந்தது இதுவாக இருக்கலாம். இதை அவரிடமே சொல்லுங்கள்.

ஆனால் குடியை நிறுத்தும் பொடி என்று விற்பதை வாங்கி அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கும் யோசனையை இன்றே கைவிடுங்கள். அப்படி விற்பவற்றில், குடியை நிறுத்த மருத்துவர்கள் தரும் டைசல்பிரம் என்ற மருந்து இருக்கக்கூடும். அது உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மனைவி நல்லெண்ணத்தில் கலந்து கொடுத்து, மாலையில் கணவனைத் தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடிவந்ததை நான் பார்த்திருக்கிறேன். காலையில் கை நடுங்கி, ஒரு வாய் ஊற்றினால்தான் நிற்கிறது என்றால் அவரை வீட்டில் பூட்டிவைத்தும் நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று நாளில் வலிப்போ பிதற்றலோ வரலாம். மருத்துவமனையில் வைத்து நிறுத்த வேண்டும்.

குழந்தைக்கு வருகிறேன். உங்களுக்கு இருதுருவ நோய்தான் என்றே உறுதியானாலும், அது பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் பத்து அளவில்தான். பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வருவது. கூடுதல்தான், ஆனால் தொண்ணூறு பிள்ளைகளுக்கு வருவதில்லை. குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்பதை மனநல மருத்துவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இருதுருவ நோய்க்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவிலுள்ள குழந்தைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்கு உடல் குறையை உண்டாக்குகிறது, அறிவு வளர்ச்சியையும் பாதிக்கிறது. அதைத் தவிர்த்து வேறு மருந்து கொடுக்க முடியும். கருத்தரித்த பிறகு பயந்துபோய் நீங்களாக மருந்தை நிறுத்துவதும் அதே அளவு தவறு.

பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில்தான் இந்த நோய் அதிகம் திரும்புகிறது. தூக்கம் கெடுவது அதற்கு வழி திறந்துவிடும். ஆகவே வளைகாப்புக்கு முன்பே அம்மாவிடமும் கணவரிடமும் பேசி, எந்த இரவு யார் விழித்திருந்து குழந்தையைப் பார்ப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ராத்திரிப் பால் முழுவதையும் உங்கள் ஒருவர் தலையில் கட்ட வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்ல வேண்டியது கணவரின் வேலை. வேண்டுமானால் இந்தப் பத்தியை அவரிடம் காட்டுங்கள்.