நோர்வேயில் இருந்து ஒரு பார்வை

கேள்வி: யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் வேலணையில் எங்கள் சனசமூக நிலையம் ஊரின் பழைய படங்கள் ஆயிரத்துச் சொச்சத்தை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறது. காசு தந்த வெளிநாட்டுச் சங்கத்தார், எந்தப் படத்தை எந்த நாட்டில் இருந்து எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று மாதாமாதம் கணக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: எந்தப் படம் எத்தனை தடவை திறக்கப்பட்டது என்பதைத் தாராளமாகக் கொடுங்கள். நாட்டுக் கணக்கில்தான் வில்லங்கம்.

உங்கள் சேர்வர், அதாவது தளம் இருக்கும் கணினி, ஒவ்வொரு வருகையையும் தானாக எழுதிவைக்கும் பதிவேட்டில் ஒரு வரியைப் பாருங்கள். 203.0.113.45 என்று ஓர் ஐபி முகவரி, அதாவது பார்த்தவரின் இணைய இணைப்புக்குரிய எண், இருக்கும். பக்கத்தில் திகதி, இரவு 11.52 என்று நேரம், திறந்த படத்தின் பெயர், பார்த்தவரின் போன் எந்த வகை என்பது. பெயர் இல்லைத்தான். ஆனால் அந்தப் படம், 1990இல் தீவுப்பகுதிச் சனம் இடம்பெயர முன்னர் எடுத்த ஒரு வகுப்புப் படம் என்று வையுங்கள். அறிக்கையில் அதற்கு நேரே ‘நோர்வே: 1’ என்று நிற்கிறது. பெரிய தளத்தில் இதை யாரும் கவனிக்கமாட்டார்கள். உங்கள் ஊரில் அப்படியா? நோர்வேயில் யார் வீட்டுப் பிள்ளை இருக்கிறது, அந்த வகுப்பில் யார் திரும்பி வரவில்லை என்பதெல்லாம் ஒழுங்கை முழுக்கத் தெரியும்.

ஆகவே படத்துக்குப் படம் நாடு பிரிக்க வேண்டாம். முழுத் தளத்துக்கும் மாதம் ஒருமுறை பிரியுங்கள். பத்துக்குக் குறைந்த பார்வைகள் வந்த நாடுகளை எல்லாம் ‘ஏனையவை’ என்று ஒன்றாகப் போட்டுவிடுங்கள்.

பதிவேட்டில் முகவரியின் கடைசி எண்ணைப் பூச்சியமாக்கி 203.0.113.0 என்றே எழுத வைக்கலாம். தள வருகைகளை எண்ணும் மட்டோமோ போன்ற இலவச மென்பொருளில் இது ஒரு சின்ன அமைப்புத்தான். நாடு தெரிவதற்கு அது பெரும்பாலும் போதும். ‘முகவரியை ஹாஷ் செய்து வைக்கிறோம், பயமில்லை’ என்று உங்கள் கணினிக்காரத் தம்பி சொன்னால் நம்பாதீர்கள். ஹாஷ் என்றால் முகவரியை ஒரு கணக்கு விதிப்படி வேறொரு எழுத்துக் கோவையாக மாற்றுவது; ஒரே முகவரிக்கு ஒரே கோவைதான் வரும். பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடிதான். எல்லாவற்றையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றைய கணினிக்கு விளையாட்டு. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஓர் ஆளை இனங்காட்டக்கூடிய இணைய அடையாளத்தைத் தனிப்பட்ட தரவாகவே எடுக்கிறது. மூலப் பதிவேட்டை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க உங்களுக்கு என்ன தேவை? அழித்துவிடுங்கள்.

‘எத்தனை பேர்’ என்ற கணக்கை எப்படியும் சரியாகத் தர முடியாது என்பதையும் சங்கத்தாருக்குச் சொல்லுங்கள். கைப்பேசி இணையத்தில் பல பேர் ஒரே முகவரியோடு வருவார்கள். ஒருவரே வீட்டில் ஒரு முகவரி, வேலையில் இன்னொன்று. ஒரு பக்கத்தில் நாற்பது சின்னப் படங்கள் இருந்தால், அந்தப் பக்கத்தைத் திறந்தவுடன் நாற்பது ‘பார்வை’ ஏறிவிடும். பெரிய படத்தைத் திறந்ததை மட்டும் எண்ணுங்கள். தேடுபொறிகளின் ரோபோக்கள், அதாவது பக்கங்களைத் தானாகத் திறந்து பார்க்கும் நிரல்கள், ஏற்றும் பார்வைகளையும் கழிக்க வேண்டும். கழித்தபின் எண்ணிக்கை சடாரென்று விழும், சங்கத்தார் முகம் சுழிப்பார்கள். சுழிக்கட்டும்.

அவர்களுக்குக் காட்ட வேறொன்று உங்களிடம் இருக்கிறது. ‘இதில் இருப்பவரைத் தெரியுமா?’ என்று ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு பெட்டி வையுங்கள். இந்த மாதம் எத்தனை முகங்களுக்குப் பெயர் கிடைத்தது என்று அறிக்கையின் முதல் வரியில் எழுதுங்கள். பெயர் சொன்னவர் யார் என்பது நிலையத்துக் கொப்பியோடு நிற்கட்டும்.