மூன்றாம் வகுப்புப் பிள்ளையை 'மொட்டு' என்கிறார்களே, ஆண்டு முழுக்க என்ன படிப்பாள்?

பயப்பட வேண்டாம், வகுப்பைக் குறைக்கவில்லை. தமிழக அரசுப் பள்ளிகளில் 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரிப்பது அவர்களுக்கு இப்போது எது தெரியும் என்பதை வைத்துத்தான். அரும்பு முதல் வகுப்பு நிலை, மொட்டு இரண்டாம் வகுப்பு நிலை, மலர் மூன்றாம் வகுப்பு நிலை. ஒரே அறையில் மூன்று நிலையும் இருக்கும்; ஆசிரியருக்குத்தான் பாடு! தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் பாட்டு, கதை, அட்டைகள், பயிற்சி நூல் என்று போகும். ஆண்டு மூன்று பருவம்: ஜூன் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் டிசம்பர், அப்புறம் ஜனவரி முதல் ஏப்ரல். நடுநடுவே மதிப்பீடு உண்டு. மதிப்பெண்ணைவிட, சரளமாக வாசிக்கிறாளா என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.